விரலுக்குக் காய்ந்த மை

குருவுக்கு வயது முப்பத்து மூன்று. சீடருக்கு ஐம்பத்திரண்டு. முறைப்படி பார்த்தால் இடம் மாறி உட்கார்ந்திருக்க வேண்டியவர்கள்தான். என்ன செய்வது, வெள்ளி மையைப் பற்றித் தெரிந்தவர் ஜெஸிந்தா.

தங்கப்பழம் சிவகாசியில் இருபத்தெட்டு வருடம் காலண்டரும் லேபிளும் அச்சடித்தவர். மோதிர விரலின் பின்பக்கத்தால் அச்சைத் தொட்டு 'காஞ்சிருச்சு' என்று அவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. அந்தக் கைராசியை நம்பித்தான் மதுரைப் பக்கத்துச் சின்னக் கம்பெனி ஒன்று அவரை வேலைக்கு எடுத்தது. கம்பிக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் தாளில் வெள்ளி மையால் கோடு அச்சடித்து, அதில் மின்சாரம் ஓடவைக்கிற கம்பெனி. மூன்று மாதம் சோதனைக் காலம். வருகிற சனிக்கிழமையோடு முடிகிறது.

புதன்கிழமை காலை. அவர் அடித்த மாதிரித் தாளை ஜெஸிந்தா மேசையில் வைத்தார். கோட்டின் இரண்டு நுனியிலும் மீட்டரின் முனைகளை ஊன்றினார். கோட்டில் கரண்டு ஓடினால் 'பீப்' என்று கத்த வேண்டிய மீட்டர், வாயைத் திறக்கவில்லை.

"ஓவன்ல எத்தனை நிமிஷம் வச்சீங்க அண்ணாச்சி?"

"எட்டு."

"இருபத்தஞ்சுன்னு எழுதியிருந்தேனே."

"எட்டுலயே காஞ்சிருச்சு மேடம். தொட்டுப் பாத்தேன், ஒரு பொட்டு ஒட்டல." தங்கப்பழம் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கோடும் அறுபடல. பெறகு ஏன் கரண்டு போக மாட்டேங்கு?"

ஜெஸிந்தா மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கை மிட்டாயை அள்ளி அவர் முன்னால் வைத்தார்.

"பாதிக்குக் காகிதத்தை உரிங்க அண்ணாச்சி."

கேட்டதற்கும் சொன்னதற்கும் என்ன சம்பந்தம் என்று விளங்கவில்லை. ஆனாலும் உரித்தார். உரித்தது ஒரு டம்ளரில், உரிக்காதது ஒரு டம்ளரில். இரண்டையும் ஜெஸிந்தா ஓவனின் தலைமேல் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டார்.

தங்கப்பழத்துக்கு மிட்டாயில் மனம் போகவில்லை. வாசல் பக்கத்தில் டேப் ஒட்டிய பெட்டி ஒன்று இருந்தது. உள்ளே நாற்பது பட்டைகள், நேற்று அவர் இதே வெள்ளி மையில் அடித்தவை. குறைமாதக் குழந்தையின் முதுகுக்குக் கீழே இருக்கும் பட்டை அது. குழந்தையின் உடம்பு குளிர்ந்தால் நர்ஸுக்கு மணி அடிக்கும். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக நாலு மணிக்கு வேன் வரும்.

அந்த நாற்பதும் எட்டு நிமிடம்தான். கூடவே போகும் சீட்டில், மீட்டர் வைத்துப் பார்த்ததாக நாற்பது டிக் போட்டிருந்தார். மீட்டரை அவர் தொடவே இல்லை. தொட்டால் காய்ந்திருக்கிறது, அப்புறம் என்ன என்று நேற்று தோன்றியது. இன்று அதே எட்டு நிமிடத் தாளுக்கு மீட்டர் கத்தவில்லை. வாயைத் திறந்தால் சனிக்கிழமை வரைகூட வேலை தாங்காது. திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை, அந்த மணி அடிக்காமல் போகிற நாள்வரை.

மூன்று மணிக்கு ஜெஸிந்தா கூப்பிட்டார். ஒரு டம்ளரைக் கவிழ்த்தார். காகிதம் சுற்றிய மிட்டாய்கள் உருண்டு ஓடின. அடுத்ததைக் கவிழ்த்துத் தட்டினார். உரித்த மிட்டாயெல்லாம் ஒரே கட்டியாக விழுந்தது.

"உருகிடுச்சா அண்ணாச்சி?"

தங்கப்பழம் கட்டியைத் திருப்பிப் பார்த்தார். "உருகல. ஒவ்வொண்ணும் உருண்டையாத்தான் இருக்கு. தொட்ட எடத்துல ஒட்டிக்கிடுச்சு."

"மைக்குள்ள இருக்கிற வெள்ளிப் பொடிக்கும் இதே மாதிரி ஒரு உறை உண்டு. எட்டு நிமிஷத்துல ஈரம் போயிருக்கு. உறை போகல. பொடி ஒண்ணோட ஒண்ணு ஒட்டல, கரண்டு தாண்ட வழியில்ல."

தங்கப்பழம் கட்டியை மேசையில் வைத்தார்.

"அப்ப அந்த உறைய எதுக்குப் போடணும்? மொதல்லயே இல்லாமப் பண்ணிட்டா?"

"பாட்டில்லயே கட்டி தட்டிரும். தாள் வரைக்கும் வராது. பொடியை இங்க வரைக்கும் கொண்டுவந்து சேக்கிறதே அந்த உறைதான்."

தங்கப்பழம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்து போய்ப் பெட்டியைத் தூக்கிவந்து மேசைமேல் வைத்தார். தான் ஒட்டிய டேப்பைத் தானே கிழித்தார்.

"இந்த நாப்பதும் எட்டு நிமிசம்தான் மேடம். மீட்டர் வைக்கல, டிக் மட்டும் போட்டேன். எனக்கு அத வைக்கத் தெரியாது. இங்க வேல பாக்குற எம் பொண்ணு வயசுப் பிள்ளைககிட்ட கேக்க வெக்கமா இருந்துச்சு."

ஜெஸிந்தாவுக்குக் கோபம் வந்தது. வரத்தான் வேண்டும். சீட்டை எடுத்து நாற்பது டிக்கையும் கடைசிவரை பார்த்தார். பிறகு போனை எடுத்து, இன்றைக்கு வேன் வேண்டாம் என்று சொன்னார்.

பட்டைகளை இருவரும் தட்டில் அடுக்கி ஓவனுக்குள் தள்ளினார்கள். இருபத்தைந்து நிமிடம் கழித்து வெளியே எடுத்து ஆறவைத்ததும், பழக்கதோஷம், தங்கப்பழத்தின் மோதிர விரல் முதல் பட்டையை நோக்கிப் போனது. பாதி வழியில் மடக்கிக்கொண்டார்.

"இருபத்தெட்டு வருசம் இந்த வெரல்தான் மேடம் சோறு போட்டுச்சு. இப்பப் பொய் சொல்லுது."

ஜெஸிந்தா மீட்டரின் இரண்டு முனைகளையும் எடுத்து அவர் கையில் வைத்தார்.

"பொய் சொல்லல அண்ணாச்சி. உங்கள இங்க வரைக்கும் கொண்டுவந்து சேத்ததே அதுதான்."