சமீராவின் நாலு தப்பு

வேதமாணிக்கம் பதினெட்டு வருஷம் பட்டாளத்தில் இருந்தவர். ஹவில்தாராக ஓய்வுபெற்று ஊருக்கு வந்ததும், சும்மா உட்கார்ந்தால் துருப்பிடித்துப் போவோம் என்று பயந்து பி.எட். சேர்ந்தார். பயிற்சிக்காக ஓர் அரசுப் பள்ளியின் ஏழாம் வகுப்புக்கு அவரை அனுப்பினார்கள். அங்கே அவருக்கு வழிகாட்டி பூங்கோதை டீச்சர். அவரைவிட ஐந்து வயது இளையவர். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாடம் நடப்பதைப் பார்ப்பார். வாயைத் திறந்து எதுவும் சொல்ல மாட்டார். வேதமாணிக்கத்துக்குப் பயம் தந்தது அதுதான்.

இயற்கணிதத்தில் முதல் பாடம். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் எல்லாம் ஒரே வரியில் வந்து நின்றால் எதை முதலில் செய்வது? பட்டாளத்துக்காரருக்கு இதைவிடப் பிடித்த பாடம் வேறு உண்டா? பிள்ளைகளை எழுந்து நிற்கவைத்து, காலால் தாளம் போடவைத்து, பாட்டாகவே சொல்லிக்கொடுத்துவிட்டார்.

"அடைப்பு! வகு! பெருக்கு! கூட்டு! கழி!"

பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு போனார். பிள்ளைகளுக்கோ ஒரே கொண்டாட்டம். முன்வரிசை சமீராவின் குரல்தான் எல்லாக் குரலுக்கும் மேலே கேட்டது. அவளையே பாட்டுக்கு லீடர் ஆக்கினார்.

வெள்ளிக்கிழமை பத்துக் கணக்கு டெஸ்ட். லீடருக்கு நாலு தப்பு.

"பாட்டு மட்டும் பாடினா போதுமா? மண்டையில ஏற வேணாமா?" என்று நோட்டைத் தூக்கிக் காட்டினார். வகுப்பு சிரித்தது. அவரும் சிரித்தார். சமீரா சிரிக்கவில்லை.

திங்கட்கிழமையிலிருந்து அவள் பாடவில்லை. நோட்டில் கேள்வியை முத்து முத்தாக எழுதுவாள், சமக்குறி போடுவாள், அத்தோடு பென்சிலைக் கீழே வைத்துவிடுவாள். புதன்கிழமையும் அப்படியே. வெள்ளியோடு அவருக்குப் பயிற்சி முடிகிறது. சமக்குறிக்கு அப்புறம் கிடந்த வெற்றிடத்தைப் பார்த்ததிலிருந்து வேதமாணிக்கத்துக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு பிள்ளையைக் கெடுத்துவிட்டுப் போகிறோமோ என்று தவித்தார்.

வியாழக்கிழமை மதியம் பிள்ளைகள் சாப்பிடப் போன நேரத்தில், பூங்கோதை டீச்சரிடம் வந்து நின்றார்.

"டீச்சர், தெரிஞ்ச பிள்ளை பதில் எழுத மாட்டேங்குதுன்னா என்ன செய்யணும்?"

டீச்சர் டிபன் பாக்ஸை மூடினார். எழுந்து போய்க் கரும்பலகையில் எழுதினார்: x − 3 + 2.

"x-க்குப் பத்து போட்டுக்கங்க. விடை என்ன சார்?"

"ஒன்பது."

"எப்படி?"

"பத்துல மூணு போனா ஏழு. ரெண்டு சேர்ந்தா ஒன்பது. இதுல என்ன டீச்சர் இருக்கு?"

டீச்சர் சாக்பீஸை அவர் கையில் கொடுத்தார்.

"இப்ப உங்க பாட்டைப் பாடிக்கிட்டே போடுங்க."

வேதமாணிக்கத்துக்குக் கூச்சமாக இருந்தது. காலி வகுப்பறைதானே என்று ஆரம்பித்தார்.

"அடைப்பு... இல்ல. வகு... இல்ல. பெருக்கு... இல்ல. கூட்டு..."

கை கூட்டல் குறிக்குப் போனது. "மூணும் ரெண்டும் அஞ்சு. கழி... பத்துல அஞ்சு போனா..."

சாக்பீஸ் அப்படியே நின்றது.

ஓடிப்போய் சமீராவின் டெஸ்ட் நோட்டை எடுத்துப் பிரித்தார். நாலு சிவப்புக் கோடும் ஒரே மாதிரிக் கணக்கில் இருந்தன. கழித்தல் முன்னால், கூட்டல் பின்னால். நாலிலும் அவர் சொன்ன வரிசை இம்மி பிசகாமல் இருந்தது.

"கூட்டலும் கழித்தலும் ஒரே ரேங்க்காச்சே டீச்சர்! வரிசையில யார் முன்னால நிக்கிறாங்களோ அவங்கதானே முதல்ல?"

"ஆமா சார்."

"அப்ப மத்த பிள்ளைங்களுக்கு எப்படிச் சரியா வந்துச்சு?"

"பாட்டைப் பாடிட்டு, பழைய வழக்கத்துல இடமிருந்து வலமா போட்டிருக்காங்க. நீங்க சொன்னதை அப்படியே கேட்டது அவ ஒருத்திதான்."

வேதமாணிக்கம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"தனியாக் கூப்பிட்டுச் சொல்லிடட்டுமா டீச்சர்? எல்லார் முன்னாடியும் நான்தான் தப்புன்னு சொன்னா அப்புறம் எவன் என்னை மதிப்பான்?"

"போன வெள்ளிக்கிழமை நோட்டைத் தூக்கிக் காட்டினீங்களே, அப்ப எத்தனை பேர் இருந்தாங்க சார்?"

மணி அடித்தது. பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். வேதமாணிக்கம் சமீராவின் பெஞ்சுக்கு முன்னால் போய் விறைப்பாக நின்றார். நோட்டைத் தூக்கிப் பிடித்தார்.

"இந்த நாலு தப்பும் இவ போட்டது இல்ல. நான் போட்டது. நான் தப்பாச் சொல்லிக்கொடுத்தேன். இவ அதைச் சரியாச் செஞ்சா. அன்னைக்குச் சிரிச்சதும் என் தப்பு."

ஒருவரும் சிரிக்கவில்லை. சமீரா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"அப்ப எப்படிப் போடணும் சார்?" என்றாள் மெதுவாக.

சொன்னார். அவள் பென்சிலை எடுத்தாள். மூன்று நாளாகக் காலியாகக் கிடந்த சமக்குறிகளுக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாக விடை வந்து உட்கார்ந்தது.

சாயங்காலம் பள்ளி விட்டதும் வேதமாணிக்கம் டீச்சரிடம் வந்தார். மனசு லேசாகியிருந்தது. ஆனால் ஒரு சின்னக் கோபம் மட்டும் பாக்கி இருந்தது.

"நான் பாட்டுச் சொல்லிக்கொடுத்தப்ப பின்னாடிதானே உட்கார்ந்திருந்தீங்க டீச்சர்? அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

பூங்கோதை டீச்சர் கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தார். கை நின்றது.

"அந்த வரிசை இப்படித் தப்புல கொண்டுபோய் விடும்னு எனக்கே அப்பத் தெரியாது சார். பதினோரு வருஷமா நானும் அந்த வரிசையைத்தான் சொல்லிக்கொடுத்தேன். நேத்து சமீரா நோட்டைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்."



டீச்சர் கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டார்.

"என் பேச்சை அப்படியே கேட்ட பிள்ளைங்களும் இருந்திருப்பாங்க இல்ல? அவங்க நோட்டு எதுவும் இப்ப என் கையில இல்ல சார்."