ஆக்சில் மேல் ஒரு வெள்ளைக் கோடு

சென்னியப்பன் அந்த ஷெட்டுக்கு வந்தபோது தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். முகத்தை நன்றாக மழித்திருந்தார். அக்குளில் ஒரு துண்டுப் பொட்டலம். அதற்குள் இருந்தது அவருடைய மகனைக் கொன்ற இரும்பு.

கோயம்புத்தூருக்குக் கிழக்கே, தென்னந்தோப்புகளைத் தாண்டினால் அந்த ஷெட். டிராக் ரேஸ் என்று ஒன்று உண்டு. நேர்ப்பாதையில் கார்கள் புறப்படுவதும் தெரியாது, போய்ச் சேர்வதும் தெரியாது, அப்படி ஒரு வேகம். அந்தக் கார்களின் கியர்பாக்ஸிலும் ஆக்சிலிலும் எஸ்தர் கை பட்டிருந்தால்தான் ஓட்டுகிற பையன்களுக்குத் தூக்கம் வரும். அவளை வாத்தியாரக்கா என்பார்கள். சென்னியப்பனைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவள்.

அவர் துண்டைப் பிரித்தார். என்ஜினின் பலத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பியான ஆக்சில் இரண்டாக ஒடிந்து கிடந்தது.

"என்ற பையன் கார்ல இருந்ததுங்க அம்மணி. மூர்த்தி."

"தெரியுங்கண்ணா. அன்னைக்கு நானும் அங்கதான் இருந்தேன்."

"எந்த இரும்புல செஞ்சா இது உடையாதுங்க? எனக்கு அதைச் சொல்லிக் குடுங்க. இன்னொரு வீட்டுப் பையன் போகக்கூடாது."

எஸ்தர் ஒடிந்த பாதி ஒன்றை எடுத்து அதன் முனையிலிருந்த பற்களைத் தடவிப் பார்த்தாள். பிறகு அதன் நீளத்துக்கு ஓடிய வெள்ளைப் பெயிண்ட் கோட்டைப் பார்த்தாள். இழுத்துக் கட்டிய நூல் மாதிரி நேராக இருந்தது. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கோட்டைப் போட்டது யாருங்கண்ணா?"

"நாந்தாங்க."

சொல்லும்போது அவர் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. பம்ப் கம்பெனியில் லேத் ஓட்டியே காலம் கழித்தவர். அவர் கடைந்த ஷாஃப்டுகள் எத்தனையோ தோட்டத்துக் கிணறுகளில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. கோணல் என்றால் அவருக்குக் கண்ணில் விழுந்த தூசி. விருந்துக்குப் போன வீட்டிலும் சாய்ந்து தொங்கும் காலண்டரை நேராக்கிவிட்டுத்தான் உட்காருவார்.

எஸ்தர் ஆக்சிலை அலமாரியில் வைத்தாள். ஒரு பிரஷ்ஷும் வெள்ளைப் பெயிண்ட் டப்பாவும் எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"அங்க புது ஆக்சில் கிடக்குது. இந்தக் கடைசில இருந்து அந்தக் கடைசி வரைக்கும் ஒரு கோடு போடுங்க."

"எதுக்குங்க?"

"போடுங்கண்ணா."

போட்டார். அன்றிலிருந்து தினமும் வந்தார். கோடு போட்டார், கியர் கழுவினார், பெருக்கினார். ஓடுபாதைக்கு மட்டும் போக மாட்டார். அதனால் ஷெட்டில் கோடு போட்ட ஆக்சில் ஓடிவிட்டு வந்தால் எப்படி இருக்கும் என்று அவர் பார்த்ததே இல்லை.

கார் ஓட்டுகிற நௌஃபலுக்கு வாய் அதிகம். "அக்கா, உங்க சிஷ்யர் பேரன் எடுக்கற வயசுல வந்து ஒண்ணாங்கிளாஸ் சேர்ந்திருக்காரு" என்பான். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொள்வான். சென்னியப்பன் சிரித்து வைப்பார். அவர் அழுது யாரும் பார்த்ததில்லை. எழவு வீட்டிலேயே வந்தவர்களுக்கு நாற்காலி வரிசையாகப் போட்டவர் அவர்தான்.

கோடு போடுகிறபோது ஒரே ஒரு சங்கதியை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார்.

"அன்னைக்குக் காலையில காரைத் தொடச்சு, கண்ணாடியாட்டம் பண்ணி வெச்சேனுங்க அம்மணி. மூர்த்தி வந்தான். அடியில படுத்துப் பார்த்தான். எந்திரிச்சு, 'நேரா இருக்குதுப்பா'ன்னான். சிரிச்சுட்டே போய் ஏறிட்டான். என்ற வேலையை அவன் பாராட்டுனது அது ஒண்ணுதான். கடைசியாப் பேசுனதும் அதுதான்."

எஸ்தர் எதையோ தேடுகிற மாதிரி எழுந்து வெளியே போய்விடுவாள்.

நாள் போகப்போகச் சட்டை கசங்கியது. தாடி வளர்ந்தது. ஒரு மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தவர், உள்ளே கொள்ளுப் பருப்பைப் பார்த்துவிட்டு, மூடவும் முடியாமல் சாப்பிடவும் முடியாமல் அழுதார். மூர்த்திக்குப் பிடித்தது. எஸ்தர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் அழுது முடிக்கும்வரை இருந்தாள்.

அப்புறம் சொன்னாள். "இந்த ஞாயித்துக்கிழமை ஓடுபாதைக்கு நீங்களும் வாங்கண்ணா."

பழைய விமான ஓடுதளம் அது. அனல் பறந்தது. நௌஃபல் ஒரு ஓட்டம் ஓடிவிட்டு வந்து நிறுத்தினான். ஜாக்கி போட்டுத் தூக்கினார்கள்.

"அடியில போய்ப் பாருங்கண்ணா" என்றாள் எஸ்தர்.

சென்னியப்பன் படுத்து உள்ளே நகர்ந்தார். அவர் போட்ட கோடு, கம்பத்தைச் சுற்றிய அவரைக்கொடி மாதிரி ஆக்சிலைச் சுற்றி வளைந்து கிடந்தது. அவருக்குப் பொறுக்கவில்லை. கையை நீட்டி, பெயிண்டை அழிக்கிற தின்னரில் நனைத்த துணியை எடுத்தார்.

"என்னங்கண்ணா பண்றீங்க?"

"கோடு கோணலாப் போயிருச்சுங்க அம்மணி. தொடச்சுட்டு நேராப் போட்டுடறேன்."

எஸ்தர் சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தாள்.

"நீங்க போட்டப்ப எப்படி இருந்துச்சு?"

"நேராத்தானுங்க. நான் போட்டதாச்சே."

"அப்ப அதை வளைச்சது யாருங்க?"

அவர் விரலால் கோட்டைத் தொட்டார். பெயிண்ட் போட்ட இடத்திலேயேதான் ஒட்டியிருந்தது. திரும்பியிருந்தது இரும்பு.

"கெளம்பறப்ப என்ஜின் மொத்த பலத்தையும் போட்டு முறுக்கும். சக்கரம் தரையைப் பிடிச்சுக்கிட்டு விடாது. நடுவுல சிக்கிக்கறது இதுதானுங்கண்ணா. நல்ல இரும்பு முறுக்கிக்கிட்டுப் போய்த் திரும்பி வந்துரும். ஒரு நாள் வராது, அதுக்கப்புறம் ஓட்டுனா ஒடிஞ்சுரும். வரலைன்னு நமக்குக் காட்டறதுக்குத்தான் கோடு."

துணியிலிருந்து தின்னர் அவர் நெஞ்சில் சொட்டியது.

"அக்கா, பைனலுக்குக் கூப்பிடறாங்க" என்றான் நௌஃபல்.

"இல்லடா. ஆக்சிலைக் கழட்டணும்."

"ஒரே ஒரு ஓட்டந்தானேக்கா."

"எறங்கு."

கதவை அறைந்து சாத்திவிட்டு ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். கோபத்தில் மூச்சு வாங்கியது. உயிரோடு இருந்தான்.

சென்னியப்பன் வெளியே வரவில்லை. காருக்கு அடியிலிருந்து அவருடைய கால்கள் மட்டும் தெரிந்தன. எஸ்தர் தானும் படுத்து அவர் பக்கத்தில் நகர்ந்து போனாள்.

"அன்னைக்குக் காலையில, மூர்த்தி போட்ட கோடு கோணலா இருந்துச்சுங்க அம்மணி."

"ம்."

"ஒரு கோடு நேராப் போடத் தெரியலையே இவனுக்குன்னு நெனச்சேன். அவன் வர்றதுக்குள்ள தொடச்சுட்டு நானே போட்டேன்."

எஸ்தர் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள்.

"'நேரா இருக்குதுப்பா'ன்னான்."

வெளியே வேறு யாருடைய காரோ இரைந்துகொண்டு போனது. சத்தம் அடங்கியதும் சென்னியப்பன் அவள் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"நான் ஷெட்டுக்கு வந்த அன்னைக்கே உங்களுக்குத் தெரியும்."

"தெரியுங்கண்ணா. பல்லெல்லாம் முறுக்கிக் கிடந்துச்சு. கோடு மட்டும் நேரா இருந்துச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாமுங்களே."

எஸ்தர் அவர் கையிலிருந்த துணியை வாங்கிக்கொண்டாள்.

"அன்னைக்கு நீங்களும் தேச்ச சட்டையைப் போட்டுக்கிட்டு நேரா நின்னீங்க. உள்ள எவ்வளவு முறுக்கியிருக்குதுன்னு எனக்குத் தெரியலைங்கண்ணா."