வேதநாயகம் சார் பெயரை விழுங்கியது யார்?

துறைத் தலைவர் வேதநாயகத்துக்கு மாணவர்கள் என்றாலே சந்தேகம்தான். லேபில் நடக்கவிருந்த கருத்தரங்குக்கு, ஆசிரியர் பட்டியலின் முதல் பெயரை வரவேற்கும்படி கணினிக்கு வரிசையாகக் கட்டளை தரும் ஒரு ஷெல் ஸ்கிரிப்டை அவரே எழுதினார். முதல் பெயர் அவருடையதுதான், பின்னே யாருடையது! ஆனால் ஒத்திகையில் லேப் கணினி வரவேற்றது, இரண்டாவதாக இருந்த ரெஜினா மேடத்தை.

"ஏய் இசக்கி, நீதானே மாத்தினே? என் மேக் லேப்டாப்ல சரியா வருதே!"

"நான் தொடவே இல்ல சார்."

"இதைக் கெடுத்தது யார் கையோ, அவங்க இனி லேப்ல கால் வைக்கக் கூடாது."

மாணவி இசக்கியிடம் சொந்தக் கணினி கிடையாது. லேப் போனால் ப்ராஜெக்டும் போச்சு.

"சம்மதம் சார். நான் வாசல்ல நிக்கிறேன். நீங்களே உங்க மேக்லேர்ந்து காப்பி பண்ணி ஓட்டுங்க."

அவள் கைகளை முறைத்துக்கொண்டே ஓட்டினார். மறுபடியும் ரெஜினா மேடம்!

"உங்க மேக்ல ஸ்கிரிப்டை ஓட்டுற இசட்-ஷெல் பட்டியலை ஒண்ணுலேர்ந்து எண்ணும் சார். இந்த லேப் கணினியோட லினக்ஸ்ல அதை ஓட்டுற பாஷ் பூஜ்யத்துலேர்ந்து எண்ணும். நீங்க ஒண்ணுன்னு எழுதினா, இங்கே அது ரெண்டாவது ஆள்."

இசக்கி கதவை அகலத் திறந்து பிடித்தாள். "இப்ப யாரு சார் வெளியே போகணும்?"