துண்டு ஏறிய பஸ்

கடைசியில் தீர்ப்பு உங்கள் தலையில்தான் விழப்போகிறது. அதனால் இப்போதே காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

தோசைக்கல்லில் நெருக்கி ஊற்றிய ஊத்தப்பங்களைப் போல மூன்று ஊர்கள் வளர்ந்து, ஒட்டிக்கொண்டு, நெடுங்காவூர் மாநகரம் ஆகிவிட்டன. அதற்கு மேயர் அல்லியங்கோதை. அவர் பதவிக்கு வந்த புதிதில் பஸ் நிலையத்தில் தினமும் அடிதடி. பஸ் உள்ளே திரும்பும்போதே ஜன்னல் வழியாகத் துண்டை வீசி இடம் பிடிப்பது அந்த ஊர் வழக்கம். படி வழியாக ஏறி உட்கார்ந்தவருக்கும் துண்டுக்காரருக்கும் மண்டை உடையும். அல்லியங்கோதை ஒரே வரியில் சண்டையை முடித்தார்: "துண்டு கிடந்தால் அங்கே ஆள் உட்கார்ந்திருக்கிறார்." எல்லா பஸ்ஸிலும் அதைப் பலகையில் எழுதி மாட்டினார்கள். ஊர் அடங்கியது.

இப்போது வேறு சண்டை. கையிலிருக்கும் நிதி ஒன்றுக்குத்தான் காணும். பெரிய சாலையில் லைட் ரயில் விடுவதா, கூடுதலாக பஸ்கள் வாங்குவதா?

ரயிலுக்காக வாதாட வந்தவர் பொறியாளர் இன்னாசிமுத்து. மைக்கைப் பார்த்தால் தொண்டை தானாகச் செருமிக்கொள்ளும். "பெருமக்களே, ரயில் என்பது எதிர்காலம். நெரிசலில் மாட்டாது, புகை கக்காது. நாளைக்கு ஊர் இரண்டு மடங்கானால் பஸ்ஸை எங்கே ஓட்டுவீர்கள், மொட்டை மாடியிலா?"

பஸ்ஸுக்காகக் கண்டக்டர் சங்கத் தலைவர் வெள்ளியங்கிரி. விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டும் விசில் மாதிரியே பேசுவார். "ஏனுங்க, உங்க ரயிலு நேராப் போகும், நேரா வரும். எங்க பஸ்ஸு சந்துக்குள்ள பூந்து, அம்மிணி கதவப் பூட்டிட்டு வர்ற வரைக்கும் நின்னு கூட்டிட்டுப் போகும். உங்க தண்டவாளம் திரும்பிப் பாக்குமாங்க?"

மன்றத்தில் வாக்கெடுத்தார்கள். பாதிக்குப் பாதி. எல்லா முகமும் மேயர் பக்கம் திரும்பியது. அல்லியங்கோதைக்கு நாற்காலி சுட்டது. எழுந்து சொல்லிவிட்டார்: "ரெண்டையும் ஓட்டிப் பார்ப்போம். வேலைக்குப் போற ஜனங்கள எது அதிகமாக் கொண்டுபோய்ச் சேர்க்குதோ, அதுக்கே நிதி. சொன்ன சொல்ல மாத்தினா இந்த நாற்காலிய விட்டு இறங்கிடறேன்."

மூடிப்போன சர்க்கரை ஆலையின் தண்டவாளத்தைச் செப்பனிட்டு, வாடகைக்கு ஒரு ரயில் பெட்டியைக் கொண்டுவந்தார்கள். எதிரிலேயே ஒரு பஸ். இரண்டிலும் ஒரே அளவு இருக்கை, யாரும் நின்றுகொண்டு போகக் கூடாது, டிக்கெட் கிடையாது. காலையில் சந்தை நிறுத்தத்தில் தேர்க் கூட்டம்.

பஸ் வந்து திரும்பியதும் வானத்தில் துண்டு பறந்தது. துண்டு, குடை, சோற்றுப் பை, ஒரு குழந்தையின் தொப்பி. ஒரு மூச்சில் அத்தனை இருக்கையும் நிறைந்தது. வீசியவர்கள் அப்படியே திரும்பி ரயிலுக்கு ஓடினார்கள். அதன் கண்ணாடி ஜன்னல் திறக்காது. அங்கே உடம்போடு ஏறினால்தான் இடம்.

"பஸ்ஸுல துண்டு போட்டுட்டு இங்க எதுக்குய்யா வர்றே?" என்றார் இன்னாசிமுத்து.

"இது கிளம்பலேன்னா அது இருக்குல்ல சார். உள்ள ஏசி ஓடுதாமே?"

ரயில் கிளம்பியது. வெள்ளியங்கிரி பலகையைப் பார்த்தார், துண்டுகளைப் பார்த்தார், "ரைட், ரைட்" என்றார். நெடுங்காவூரின் துண்டுகள் ஜன்னலோரம் காற்று வாங்கிக்கொண்டு புறப்பட்டன.

பஸ் பக்கம் வரிசையில் நின்றிருந்த பெருங்கூட்டம் நின்றபடியே இருந்தது. ஆஸ்பத்திரித் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் ஜெய்புன்னிஷா, டியூட்டிக்குப் போகும் நர்ஸுகள், மில்லுக்குப் போகிறவர்கள். அவர்கள் ஏறப் போனபோதே எல்லா இருக்கையிலும் மேயர் உத்தரவுப்படி ஆள்.

ரயில் கடைசி நிறுத்தம் வரை போய், ஒருவரும் இறங்காமல், அதே ஆட்களோடு சந்தைக்கே திரும்பி வந்தது. பஸ்ஸும் துண்டுகளோடு வந்து நின்றது.

வழக்கு மேயர் முன்னால் வந்தது.

"பலகையில இருக்கறது நீங்க சொன்னதுங்க. துண்டுன்னா ஆளு. ரயிலு எங்களத் தாண்டலைங்க. துண்டு ஆளில்லைன்னு இப்பச் சொன்னா, பேச்ச மாத்தினதா ஆகுமுங்க. அப்புறம் நாற்காலி..." என்று இழுத்தார் வெள்ளியங்கிரி.

"அதில் போனது துணி, இதில் போனது மனிதர்கள். நிதி ரயிலுக்கே" என்றார் இன்னாசிமுத்து.

ஜெய்புன்னிஷா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "மேயரம்மா, இன்னிக்கு ரெண்டுமே ஜெயிக்கல. நான் இன்னும் கடையத் திறக்கல."

அல்லியங்கோதை மூன்று முகங்களையும் பார்த்தார். நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

சொல்லுங்கள், இந்த மூவரில் யார் பேச்சு சரி? மேயர் தன் இரண்டு சொல்லையும் மாற்றாமல் எப்படித் தீர்ப்புச் சொல்வார்?

விடை: ஜெய்புன்னிஷா சொன்னதே சரி. துண்டு ஆள்தான், ஆனால் அந்தச் சொல் உட்காரும் உரிமைக்கு. துண்டு வேலைக்குப் போகும் என்று மேயர் எங்கும் சொல்லவில்லை. ரயிலில் இருந்தவர்கள் மனிதர்கள்தான், ஆனால் ஏறின இடத்திலேயே வந்து இறங்கினார்கள். வேலைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பந்தயம்; இரண்டும் ஒருத்தரைக்கூடச் சேர்க்கவில்லை. ஆகவே சோதனை மறுநாளும் நடக்கட்டும் என்றார் அல்லியங்கோதை, பலகையில் ஒரு வரியையும் சேர்த்தார்: துண்டு போட்டவர் துண்டோடு போக வேண்டும். ஏசி பார்த்து முடித்தவர்கள் மறுநாள் வீட்டில் தூங்கினார்கள். ரயிலில் சிலர் போனார்கள். பஸ் நிறைய ஆட்கள் போய் ஆஸ்பத்திரித் தெருவிலும் மில் வாசலிலும் இறங்கினார்கள். "ஊர் இன்னும் வளரட்டும், அப்போது வருகிறேன்" என்று இன்னாசிமுத்து மைக்கை அணைத்தார். நிதி பஸ்ஸுக்குப் போனது, மேயருக்கு நாற்காலி தப்பியது. புது பஸ்ஸில்தான் இன்றுவரை அவருக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை.