மாலுமி சொன்ன "கல்"

துறைமுக அதிகாரி ஏகநாதனின் ஜீப் மீது கூட்டத்தில் யாரோ கல்லெறிந்தார்கள். கண்ணாடி உடைந்தது. அந்த நேரம் பார்த்து "கல், கல்" என்று கத்திய துருக்கி மாலுமி ஒருவனைப் பிடித்துத் துறைமுக அலுவலக அறையொன்றில் அடைத்துவிட்டார்கள். அவன் கப்பலோ மாலையில் கிளம்புகிறது.

மாலுமிகளுக்கு டீ விற்கும் மைமூன் அதிகாரி முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, பயந்து ஓடின கூட்டாளியைத்தான் அவன் கூப்பிட்டான். அவங்க பாஷையில 'கல்'னா, போகாம இருன்னு அர்த்தம். இந்திக்காரங்களுக்கு நேத்தும் 'கல்'தான், நாளைக்கும் 'கல்'தான். கொரியாக்காரங்க கத்தியை அப்படித்தான் சொல்றாங்க. ஒண்ணுக்கொண்ணு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை."

ஏகநாதன் சிரித்தார். "அந்தக் கதையெல்லாம் எனக்கு வேண்டாம். கல் என்றால் கல்தான். தமிழில் வேறு அர்த்தம் இருந்தால் காட்டு, அவனை விட்டுவிடுகிறேன்."

"நீங்க கட்டிக்கொடுத்த பள்ளிக்கூடத்துச் சுவத்துல 'நாள்தோறும் கல்'னு எழுதி, கீழே உங்க பேரும் போட்டிருக்கு. பிள்ளைங்க தினமும் யார் மேல எறியணும் ஐயா?"

குமாஸ்தாக்கள் சிரிப்பை மறைக்கத் தலைகுனிந்துகொண்டார்கள்.

"உனக்கு எத்தனை பாஷை தெரியும்?" என்று கேட்டார் அதிகாரி.

"ஒண்ணும் முழுசாத் தெரியாது ஐயா. புரியலைன்னா சொன்னவங்ககிட்டயே கேட்டுக்குவேன்."

ஏகநாதன் தானே எழுந்துபோய் அறைக் கதவைத் திறந்தார். காலையிலிருந்து யாரும் கேட்காத அந்த மாலுமியின் பெயரைக் கேட்டார்.