மூன்று நாள் குரல்

"இருபத்திரண்டு நாட்டுக்காரனுக்குக் கொடுக்கிறான். நமக்கு மட்டும் கிடையாதாம். இது நியாயமா அம்மா?" என்று கேட்டார் ஒச்சப்பன்.

"இல்லை," என்றாள் குரு.

ஒச்சப்பன் இதை எதிர்பார்க்கவில்லை. 'எல்லாம் நன்மைக்கே' என்று குரு சொல்லுவாள், நன்றாகச் சண்டை பிடிக்கலாம் என்று வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்திருந்தார். அத்தனையும் வீணாகப் போயிற்று.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. குருவுக்கு முப்பத்தாறு. மலையடிவாரத்து மடத்தில் யாரும் வயதைக் கேட்டுக்கொண்டு கும்பிடுவதில்லை.

குரு முற்றத்தில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். ஒச்சப்பனோடு வந்த அவர் மனைவி, யாரும் சொல்லாமலே பக்கத்தில் உட்கார்ந்து தானும் உரிக்க ஆரம்பித்தாள்.

"நீங்களும் உட்காருங்க," என்றாள் குரு.

"உட்கார முடியலை."

முடியவில்லைதான். இரண்டு வாரமாக அவர் எங்கேயும் உட்காரவில்லை. முப்பது வருடமாக வாழைத்தார் மண்டியில் ஏலம் விடுகிறவர். மைக்கைக் கொண்டுவந்து நீட்டினால் கோபம் வரும். மண்டியில் அவர் வாய் திறந்தால் பஸ் ஸ்டாண்டில் இருப்பவன் இன்றைக்கு என்ன விலை என்று தெரிந்துகொள்வான். அந்தத் தொண்டையில் புற்று வந்திருந்தது. வெள்ளிக்கிழமை குரல்வளையை எடுக்கப்போகிறார்கள். அன்று செவ்வாய்.

"என்ன கொடுக்கிறாங்க அந்த நாட்டுக்காரங்களுக்கு?" என்று கேட்டாள் குரு.

ஒச்சப்பன் போனை எடுத்துக் காட்டினார்.

"ஏஐ அம்மா. புதுசா ஒரு வசதி விட்டிருக்கான். பத்து நிமிஷம் பேசினாப் போதும், நம்ம குரலைப் படிச்சு வச்சுக்கும். அப்புறம் நாம எழுதி எழுதிக் கொடுத்தா, அதே குரல்ல அது பேசும். தொண்டையே இல்லாட்டியும் பேசலாம்."

"நல்லாத்தானே இருக்கு."

"தொறந்து பாருங்க."

குரு கையைத் துடைத்துக்கொண்டு தொட்டாள். திரையில் ஒரு வரி வந்தது.

*இந்த வசதி உங்கள் பகுதியில் இன்னும் கிடைக்கவில்லை.*

"எப்போ கிடைக்குமாம்?"

"விரைவில்னு போட்டிருக்கான். என் விரைவில் வெள்ளிக்கிழமை. அவன் விரைவில் எதுன்னு யாருக்குத் தெரியும்?"

"இப்போ சாதாரணமாப் பதிஞ்சு வச்சுக்கிட்டு, தொறக்கும்போது கொடுங்களேன்."

"அதையும் கேட்டுட்டேன். பதிஞ்ச குரலை ஏத்துக்காதாம். அது காட்டுற வாக்கியத்தை அந்த நேரத்துல நாமளே வாசிக்கணும். இல்லாட்டி ஊரான் குரலை எவனாச்சும் திருடிருவானாம்."

"அதுவும் நியாயம்தான்."

"நியாயம்தான். எல்லா நியாயமும் என் தொண்டையில வந்து உக்காந்திருக்கு."

ஒச்சப்பன் கிணற்றடிவரை நடந்து போய்த் திரும்பி வந்தார். ஒரு பிடி மொச்சையை அள்ளினார். உரித்துக்கொண்டே நடந்தார்.

"போன்ல நான் கனடாவுல இருக்கேன்னு மாத்திப் பார்த்தேன்."

"மாறுச்சா?"

"மாறுச்சு. இப்போ மைனஸ் பதினொண்ணு, வெளியே போகாதேன்னு தினமும் சொல்லுது. குரலைக் கேட்டா மட்டும் நான் இங்கே இருக்கிறது அதுக்குத் தெரிஞ்சுபோகுது."

குரு சிரித்துவிட்டாள். ஒச்சப்பனின் மனைவியும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். ஒச்சப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. தோலைப் பருப்பு இருந்த முறத்திலும் பருப்பைத் தோல் குவியலிலும் போட்டுவிட்டு மறுபடி நடந்தார். மனைவி பருப்பைப் பொறுக்கி எடுத்தாள்.

"இன்னிக்கு எத்தனை தடவை தொறந்து பார்த்தீங்க?"

"எண்ணலை. விடிஞ்சதுலேருந்து பார்க்கிறேன். அதுக்கு ஒரு உதவி நம்பர் இருக்கு. நேத்து மூணு மணி நேரம் பேசினேன். எல்லாமே மிஷின். நான் கத்துறேன், அது நன்றிங்குது."

"மூணு மணி நேரம் பேசினீங்களா?"

"பேசினேன்."

குரு இன்னொரு காயை எடுத்து உரித்தாள்.

"சரி, இந்த நிமிஷம் தொறந்துருச்சுன்னு வச்சுக்குவோம். குரல் கிடைச்சாச்சு. முதல்ல அதை என்ன பேசச் சொல்லுவீங்க?"

ஒச்சப்பன் யோசிக்கவே இல்லை. "பூவன் தார் வந்திருக்கு, கேக்குறவங்க கேக்கலாம்."

"அப்புறம்?"

"நாட்டு வாழைத்தார் வந்திருக்கு."

"அப்புறம்?"

ஒச்சப்பன் நின்றார்.

"அப்புறம் என்ன, தேவைப்படுறதை எழுதிக்கிறது," என்றார். குரலில் பிசிறு தட்டியது. அவருக்குப் பயமாக இருந்தது. இரண்டு வாரமாக அதைக் கோபம் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

குரு முறத்தைத் தள்ளி வைத்தாள்.

"ஏலக்காரரே, ஒரு ஏலம் விடுங்க."

"எதை?"

"இன்னிக்கு, நாளைக்கு, வியாழக்கிழமை. மூணு நாள் குரல் கைவசம் இருக்கில்ல?"

"விளையாடாதீங்கம்மா."

"விளையாடலை. சரக்கு வெள்ளிக்கிழமை வீணாப்போகும். வாழைத்தார்னா என்ன செய்வீங்க?"

அழுகப்போகிற தாரை வைத்துக்கொண்டு கிடங்குக்காரனோடு சண்டை போடுகிறவனை மண்டியில் பைத்தியக்காரன் என்பார்கள்.

"டாக்டர் கத்தக்கூடாதுன்னிருக்காரு," என்றாள் மனைவி.

"எடுத்து எறியப்போற சாமான். அதை எதுக்குப் பூட்டி வைக்கணும்?" என்றார் ஒச்சப்பன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கிணற்றடிக் கல்லின்மேல் ஏறி நின்றார். இடது கையைக் காதுக்குக் கொடுத்தார்.

"மூணு நாள் குரலு... கொஞ்சம் கம்மலு, மத்தபடி பழுது சொல்ல முடியாது... கேக்குறவங்க கேக்கலாம்..."

மரத்திலிருந்து இரண்டு மைனாக்கள் பறந்து போயின. ஒச்சப்பனுக்கு அது பிடித்திருந்தது.

"கேக்குறவங்க கேக்கலாம்... யாரும் கேக்காட்டி நானே எடுத்துக்குவேன்..."

"உங்க மண்டியில அது செல்லுமா?" என்றாள் குரு.

ஒச்சப்பன் கையை இறக்கினார். "செல்லாது. ஏலம் விடுறவன் கேக்கக் கூடாது. தொழில் தர்மம்."

"அப்போ நான் கேக்குறேன். ஒரு நாள் எனக்கு. சாயங்காலம் மடத்துல பாட ஆளில்லை."

"ஒரு நாள்!" ஒச்சப்பனின் முகம் மலர்ந்தது. தன் குரலை ஒருத்தர் கேட்டுவிட்டதில் அவருக்கு மெய்யாகவே சந்தோஷம். "ஒரு நாள் கேட்டிருக்கு... மேல கேக்குறவங்க கேக்கலாம்... ஒரு தரம்..."

"எனக்கு ஒரு வார்த்தை போதும்," என்றாள் மனைவி.

ஒச்சப்பன் முகத்தைச் சுளித்தார்.

"ஒரு நாளுன்னு கேட்டாச்சு. குறைச்சுக் கேக்கக் கூடாது. முறை இல்லை."

"எந்த வார்த்தைன்னு கேட்டீங்களா?" என்றாள் குரு.

ஒச்சப்பன் மனைவியைப் பார்த்தார். அவள் மொச்சையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எம் பேரு," என்றாள்.

முப்பத்து மூன்று வருடம். கல்யாணமான புதிதில் வீட்டில் அம்மாவும் பெரியப்பாவும் இருந்தார்கள். அவர்கள் காதில் விழப் பெண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிட வெட்கம். 'இந்தா' என்றார். 'ஏ புள்ள' என்றார். அம்மா போனாள், பெரியப்பா போனார். 'இந்தா' மட்டும் அப்படியே நிலைத்துவிட்டது. மண்டிக்கு வரும் வியாபாரி ஒவ்வொருவனையும் அவர் இனிஷியலோடு கூப்பிடுவார்.

"நான் விலகிக்கிறேன்," என்றாள் குரு.

ஒச்சப்பன் போனை எடுத்தார். இன்னொரு தடவை பார்த்தார். அதே வரி. சட்டைப் பைக்குள் போட்டார்.

"ஒரு வார்த்தை," என்றார். "ஒரு தரம்."

யாரும் மேலே கேட்கவில்லை.

"ரெண்டு தரம்."

இந்த இடத்தில் இழுப்பதுதான் அவர் தொழிலின் சூட்சுமம். மண்டியில் மூன்றாம் தரத்துக்கு முன்னால் ஒரு பீடி பிடித்து முடிக்கலாம் என்று கேலி செய்வார்கள். கடைசி நிமிடத்தில் எவனாவது வந்து கூடக் கேட்பான். ஒச்சப்பன் மடத்து வாசலைப் பார்த்தார். அங்கே எவனும் வரவில்லை.

கல்லைவிட்டு இறங்கினார். தொண்டையைச் செருமினார். அவருக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது.

"அன்னமயிலு."

காற்று மட்டும்தான் வந்தது போலிருந்தது.

அவள் தலையை நிமிர்த்தினாள்.

"கேக்கலை," என்றாள். "சத்தமா."