நாற்பத்தோராவது பெயர்

மலை ஒன்றியத்தின் வட்டார வள மையத்தில் செங்கமலம் தற்காலிகக் கணினி ஊழியர். நிரந்தர ஆட்கள் நழுவிவிட்டதால் ஆசிரியர் பயிற்சிக்குத் திட்டம் போடும் வேலை அவள் தலையில் விழுந்தது.

மாவட்ட அதிகாரி தணிகாசலம், சனிக்கிழமைக் கூட்டத்துக்கு வந்திருந்த ஆசிரியர்கள் முன்னாலேயே அவளிடம் சொன்னார்: "புதுப் பாடத்திட்டப் பயிற்சி. வர்ற புதன், வியாழன் மலையில இருக்கிற நாற்பது ஆசிரியரும் மாவட்ட அரங்கத்துல இருக்கணும். ஒரு பள்ளியும் மூடக்கூடாது. இன்னிக்கு நாலு மணிக்குள்ள திட்டம் வரலேன்னா திங்கள்லேருந்து நீ வரவேண்டாம்."

"எல்லாமே ஓராசிரியர் பள்ளி சார். அவங்க அரங்கத்துல இருந்தா பிள்ளைங்க கிட்ட யாரு?"

"அதைக் கண்டுபிடிக்கத்தானே உனக்குச் சம்பளம்?"

கோபத்தையெல்லாம் தட்டச்சில் காட்டினாள். மூன்றரைக்கே தாளை நீட்டினாள். மாவட்ட அலுவலகத்திலிருந்து நாற்பது பேருக்கு, அந்த இரண்டு நாளும் ஆளுக்கொரு பள்ளியில் மாற்றுப்பணி. முதல் வரியில் தணிகாசலம்: மேல்காரைப்பட்டி, ஐந்து வகுப்பும் ஒரே அறையில், பஸ் இறங்கி ஏழு கிலோமீட்டர் நடை.

"என்னம்மா, திமிரா?"

"நீங்க கேட்ட ரெண்டும் இதுல இருக்கு சார். எப்பவும் வாத்தியாருங்களைத்தானே மாற்றுப்பணிக்குத் துரத்துறோம்? ரெண்டு நாள் ஆபீஸ்காரங்க போகட்டும்."

"நான் போய் என்னத்த நடத்துறது? புதுப் புத்தகத்தை இன்னும் பிரிச்சே பாக்கலையே."

பின்வரிசையில் யாரோ இருமினார்கள். இருமல் சிரிப்பானது.

செங்கமலம் பேனாவைத் திறந்தாள். "அப்போ பயிற்சிக்கு நாற்பத்தொரு பேர்னு எழுதிக்கவா சார்?"

அன்றே திட்டம் மாறியது. பள்ளி இல்லாத சனிக்கிழமைதோறும் பயிற்சியாளர்களே மலையேறினார்கள். அவர்களுக்குப் பின்னால் மூச்சு வாங்கியபடி தணிகாசலமும் ஏறினார்.